திருப்பிப் பார்த்த ழகரம்

நான் குடியிருக்கும் ஃபேரர் பார்க்கில் ‘ரேஸ் கோர்ஸ் சாலை’ என்று ஒரு சாலை உண்டு. 1933ஆம் ஆண்டில் புக்கிட் தீமாவுக்கு மாறும்வரை குதிரைப் பந்தயத்திடல் இவ்வட்டாரத்தில்தான் இருந்தது. முந்திய குதிரை எது என்று சொல்ல வேண்டுமாயின் முடிவுக்கோட்டுக்கு நேரே நின்று நோக்க வேண்டும். சாய்வாக நிற்பவனை அவன் கண்ணே ஏமாற்றும். இவ்வுண்மையை நான் கற்றது திடலில் அன்று, கணினித் திரையில்.

என்னிடம் பயிற்சிக்கு வந்திருந்த இளம் ஆசிரியை ஒருவர் மடிக்கணினியுடன் ஒருநாள் என் இல்லம் வந்தார். பெற்றோர் இசைவுடன் மாணவர் சிலரின் வாசிப்பை அவர் பதிவு செய்திருந்தார். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் உருவான ‘பிராட்’ என்னும் மென்பொருள், பேச்சொலியின் ஒத்ததிர்வுகளை அளந்து எண்களாகத் தரும். முதல் மூன்று ஒத்ததிர்வுகளை மூன்று அச்சுகளாக்கி, ‘மேட்லாப்’ மென்பொருளில் முப்பரிமாண வரைபடம் அமைத்திருந்தார். ஒவ்வோர் உச்சரிப்பும் ஒரு புள்ளி. ளகரம் நீலம், ழகரம் சிவப்பு.

ஒரு மாணவனின் புள்ளிகளைக் காட்டினார். அவனுடைய வாய்மொழித் தேர்வுத் தாள்களில் “ழகரம் வரவில்லை” என்று மும்முறை எழுதியவன் நான். திரையில் நீலமும் சிவப்பும் ஒரே திரளாய்க் கலந்து கிடந்தன.

“நான் சொன்னது சரிதானே, அம்மா?” என்றேன்.

“சற்றுப் பொறுங்கள், ஐயா. இது மென்பொருள் தானாகக் காட்டும் கோணம்” என்றார்.

கிடைக்கோணம் −37.5 பாகை, ஏற்றக்கோணம் 30 பாகை. யாரோ முன்னரே வகுத்து வைத்த பார்வை அது. திரையோ தட்டையானது. மேலிருந்து சாய்வாக நோக்கும்போது புள்ளியின் உயரமும் ஆழமும் ஒன்றாய்க் கலந்துவிடும். சுட்டியை அழுத்தி நான் இழுத்தேன், திரள் சுழன்றது. மேல் எது, கீழ் எது என்று தெரியாமல் தடுமாறினேன். அவர் தொடக்கக் காட்சியை மீட்டு, ஏற்றக்கோணத்தைச் சுழியமாக்கினார். இப்போது உயரம் என்பது மூன்றாம் ஒத்ததிர்வு மட்டுமே. நீலம் மேலே நின்றது. சிவப்பு கீழே நின்றது. நடுவே மெல்லிய இடைவெளி.

ழகரத்தில் மூன்றாம் ஒத்ததிர்வு தாழும். 1999இல் ஸ்ரீகாந்த் நாராயணனும் உடனாய்வாளர்களும் காந்த ஒத்ததிர்வுப் படங்களின் துணையோடு ர, ற, ல, ள, ழ ஆகியவற்றை ஒலிக்கும் நாவின் வடிவை ஆராய்ந்து எழுதினர். அவர்கள் ஆராய்ந்த அந்த வேறுபாட்டை இச்சிறுவனின் நாவும் சிறிதளவில் செய்துகொண்டுதான் இருந்தது. என் செவிக்குத்தான் அது எட்டவில்லை. பிள்ளைகளின் பேச்சில் இவ்வாறு கேட்போர்க்குப் புலப்படாத வேறுபாடுகள் உண்டென்று ஒலியியலார் முன்பே கண்டிருக்கின்றனர்.

“திருப்பிக்கொண்டே இருந்தால் இல்லாத இடைவெளியும் தென்படும், ஐயா” என்று அவரே எச்சரித்தார். மறுவாரம் அவன் வாசிப்பைப் புதிதாகப் பதிவு செய்து, அதே கோணத்தில் வைத்துப் பார்த்தோம். இடைவெளி மாறவில்லை.

ஆசிரியர்க்குச் செவியே தொழிற்கருவி. முப்பது ஆண்டுகளாக அதை நம்பியே மதிப்பெண் இட்டு வந்தேன். அதுவும் ஒரு கோணமே என்று அன்று உணர்ந்தேன். இன்னும் எத்தனை பிள்ளைகளின் தாள்களில் அவ்வாறு எழுதியிருப்பேன்!

அம்மாணவனை அழைத்தேன். “உன் ழகரம் வந்துகொண்டிருக்கிறது, தம்பி. நான்தான் கேட்கவில்லை” என்றேன். அவன் நம்பவில்லை என்பதை அவன் முகமே சொல்லிற்று. மூன்று முறை எழுதிய தீர்ப்பை ஒரு சொல்லால் அழித்துவிட முடியுமா?

திரையின் முன் அவனை அமர்த்தினேன். சுட்டியை அவன் கையில் கொடுத்தேன். தன் புள்ளிகளை அவனே திருப்பிப் பார்த்தான்.