குரலுக்கும் ஓர் ஆசான் வேண்டும்

குரலைக் கொண்டு பிழைத்தவர்கள் நமது ஊர்களில் எக்காலத்திலும் இருந்திருக்கிறார்கள். றமழான் இரவுகளில் தாயிராவைத் தட்டி ஸஹருக்கு எழுப்பிவிட்டு, பெருநாளன்று வீடு வீடாக வரும் பக்கீர் பாவா, பள்ளிவாசல் முஅத்தின், மௌலூது மஜ்லிஸில் பைத்து எடுத்துக் கொடுக்கும் லெப்பை. இவர்கள் எல்லோருக்கும் மூலதனம் தொண்டைதான். வயற்காவலில் கவி படித்தவருக்கு அந்தச் சிறு வருமானமும் இல்லை. இவர்களில் எவரையும் நாம் பாடகர் என்று அழைத்ததில்லை. பாடுவதை ஒரு தொழிலாக எண்ணிப் பார்த்ததுமில்லை.

தொழிலாக்கிக் காட்டியவர் நாகூர் ஹனிபா. முறையாகச் சங்கீதம் பயிலாதவர். இளவயதிலேயே கல்யாண வீடுகளில் பாடத் தொடங்கியவர், 2015 இல் மறையும்வரை அந்தக் குரலாலேயே அறியப்பட்டார். இலங்கை வானொலியின் முஸ்லிம் சேவை வழியாக அக்குரல் நமது வீடுகளுக்குள் வந்தது. அதைக் கேட்டு நம்மவர் பலரும் ஒலிவாங்கியைப் பிடித்தனர். அவருடைய உச்சஸ்தாயியை எட்டப் போய்த் தொண்டையைக் கெடுத்துக்கொண்ட சிலரை நான் அறிவேன். அவர்களிடம் ஆசையும் இருந்தது, குரலும் இருந்தது. "இந்தச் சுருதி உனக்கு ஆகாது, கீழே இறங்கு" என்று சொல்ல ஓர் ஆசான்தான் இருக்கவில்லை.

எகிப்தின் உம்மு குல்தூமை எடுத்துக்கொள்ளுங்கள். நைல் நதிக் கழிமுகத்தில் ஒரு கிராமத்து இமாமின் மகள். கல்யாண வீடுகளில் மார்க்கப் பாடல்கள் பாடி வருவாய் தேடிய தந்தை, தன் மகனுக்குச் சொல்லிக் கொடுத்ததைக் கேட்டே அந்தச் சிறுமி பாடக் கற்றாள். அவள் குரலின் வலிமையைக் கண்ட தந்தை அவளையும் அழைத்துச் சென்றார். ஊர்வாய்க்கு அஞ்சி ஆண்பிள்ளை உடுப்பு அணிவித்தார். 1920களில் கெய்ரோவில் குடியேறிய பின்னரும் அவர் கற்பதை நிறுத்தவில்லை. ஷெய்கு அபுல் இலா முஹம்மதிடம் பாட்டுப் பயின்றார். கவிஞர் அஹ்மத் றாமியின் துணையோடு கவிதையை அறிந்தார். பிற்காலத்தில் மாதத்தின் முதல் வியாழன் இரவுகளில் அவர் வானொலியில் பாடும்போது அறபுலகமே காத்திருந்து கேட்டது. 1975 இல் மறைந்த அவருடைய திருத்தமான உச்சரிப்புக்கு அடித்தளமிட்டது, சிறுவயதில் குர்ஆன் ஓதிய கிராமத்து ஓதற்பள்ளி.

குர்ஆன் ஓதுவது பாட்டல்ல. அந்த எல்லையை நான் அழிக்க வரவில்லை. ஆனால் தஜ்வீத் கற்பிக்கும் மௌலவி என்ன செய்கிறார்? எழுத்துகள் பிறக்கும் இடங்கள் 17 என்று பிரித்துக் காட்டுகிறார். மத்தை எத்தனை அளவு நீட்டுவது, எங்கே நிறுத்தி மூச்செடுப்பது என்று பழக்குகிறார். பாட்டு ஆசிரியரின் முதற் பாடங்களும் நாவு, மூச்சு, நீட்டல், நிறுத்தல் என்பவைதான். ஓதற்பள்ளிக்குப் போன பிள்ளை பாதி வழியை ஏற்கனவே கடந்துவிட்டது.

குரலின் அருமை எனக்குத் தெரிந்தது வகுப்பறையில்தான். நாற்பது நிமிடப் பாடவேளைகள், நாற்பது பிள்ளைகள், தகரக் கூரையில் மழை. ஆசிரியர் கலாசாலையில் உளவியல் படித்தோம், கரும்பலகையில் எழுதப் பழகினோம். நாள் முழுதும் பேசவேண்டிய தொண்டையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பேசும்போது ஆணின் குரல்நாண்கள் விநாடிக்குச் சுமார் 100 தடவையும் பெண்ணினுடையவை சுமார் 200 தடவையும் அதிர்கின்றன என்று பின்னர்தான் வாசித்தறிந்தேன். எங்கள் ஆசிரியைகளின் குரல் ஏன் முதலில் கம்முகிறது என்பது அப்போது விளங்கிற்று.

எட்டாந்தரத்தில் ஒரு பிள்ளை படிக்கிறாள். மீலாத் விழாவில் அவள் பாடியபோது மண்டபம் அடங்கிப்போனது. முச்சக்கர வண்டி ஓட்டும் அவளது வாப்பா மறுநாளே என்னிடம் வந்தார்.

"சேர், பெரிய புள்ளையாகிட்டாள். இனி மேடை கீடை வேணாம்."

"மேடைய விடுங்க தம்பி. பாட்டுப் படிச்சுக் குடுக்கிற டீச்சரா வரட்டுமே. நம்மட பொம்புளப் புள்ளைகளுக்கு நம்மட ஒரு டீச்சர்."

அவர் சற்று யோசித்தார். "அதுக்குக் கவுண்மெந்து நியமனம் கிடைக்குமா சேர்?"

நியாயமான கேள்வி. வழி இருக்கிறது என்று விளக்கினேன். வட இலங்கை சங்கீத சபையின் பரீட்சைகளை ஆசிரியர் தரம்வரை எழுதலாம். உயர்தரத்தில் சங்கீதத்தை ஒரு பாடமாக எடுக்கலாம். கல்லடியிலுள்ள சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் பட்டம் பெறலாம். நமது பாடசாலையில் அழகியற் பாடமென்றால் சித்திரம் மட்டுமே. சங்கீதத்துக்கு ஆசிரியர் இல்லை. கற்பிக்க ஒருவர் இல்லாததால் கற்பவர் இல்லை. கற்பவர் இல்லாததால் ஆசிரியரும் வருவதில்லை. இந்த வட்டத்தை யாரோ ஒரு பிள்ளைதான் உடைக்கவேண்டும்.

தயக்கங்கள் இல்லாமலில்லை. கீர்த்தனைகளில் பெரும்பாலானவை இந்து பக்திப் பாடல்கள். அந்தச் சங்கடத்தை நான் மறைக்கவில்லை. ஆனால் ஸரளி வரிசைக்கு மதமில்லை. மூச்சுப் பயிற்சிக்கும் இல்லை. பக்கத்துத் தமிழ் ஊரில் சங்கீதம் கற்பிக்கும் ஆசிரியையிடம் பேசினேன். "பிள்ளையை அனுப்புங்கோ, அவளுக்குப் பொருந்தியதிலிருந்து தொடங்குவம்" என்றார். கட்டணமும் கேட்கவில்லை.

வாப்பா இன்னும் முடிவு சொல்லவில்லை. வகுப்பு மாலை ஐந்தரைக்கு முடிகிறது. கடைசி பஸ் ஐந்து மணிக்குப் போய்விடும். அந்த நேரத்தில் தன் முச்சக்கர வண்டிக்கு ஹயர் கிடைக்குமா இல்லையா என்று அவர் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.