ஒரு பெண், நான்கு பெயர்

"லோயர் பிடிக்க வசதி இல்லீங்க ஐயா. என்னென்ன தாள் வேணும்னு மட்டும் சொல்லுங்க, நானே வழக்குப் போட்டுக்கிறேன்."

இரத்தினபுரியில் என் அறைக்கு வந்ததும் அந்தப் பெண் சொன்ன முதல் பேச்சு இது. விடியற்காலையில் பால் வெட்டி, நிறுத்துக் கொடுத்துவிட்டு அப்படியே பஸ் ஏறியிருந்தார். விரல் இடுக்குகளில் ரப்பர் பால் காய்ந்து கறுத்திருந்தது. மடியில் ஒரு சொப்பிங் பேக்.

அவருக்கு வழி காட்டியவர் பக்கத்துக் கிராமத்துச் சிங்களத் தோழி. அந்தத் தோழியும் கணவரும் மாவட்டப் பதிவாளர் முன்னால் கையெழுத்து வைத்துப் பிரிந்தவர்கள். கோட்டுப் படி ஏறவேயில்லை. அதை நம்பி இவரும் ஒருநாள் பேரை, அதாவது ஒருநாள் சம்பளத்தை, விட்டுக் கச்சேரிக்குப் போயிருக்கிறார். உங்களுக்கு இங்கே முடியாது, கோட்டுக்குப் போங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

பதிவாளர் சொன்னது சரிதான். இரத்தினபுரி இருக்கும் சப்ரகமுவ, பழைய கண்டி இராச்சியத்து மண். 1952ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கக் கண்டிய விவாக, விவாகரத்துச் சட்டத்தின்கீழ் பதிந்தவர்கள் இருவரும் மனமொத்துக் கேட்டால் மாவட்டப் பதிவாளரே விவாகத்தைக் கலைத்து வைக்கலாம். தோட்டத்துத் தமிழருக்கு உள்ளது 1907ஆம் ஆண்டின் பொது விவாகச் சட்டம். அதில் மனமொத்த பிரிவுக்கு இடமில்லை. மூன்றே காரணங்கள்: கல்யாணத்துக்குப் பின் பிறரோடு உறவு, வன்மமாகக் கைவிட்டுப் போதல், கல்யாண நாளிலேயே இருந்த தீராத தாம்பத்திய இயலாமை. ஒன்றையாவது மாவட்ட நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். ஒரே மலையில் வாழ்ந்து ஒரே பஸ்ஸில் போய் வருகிற இரண்டு பெண்களில் ஒருத்திக்குக் கையெழுத்து, இன்னொருத்திக்குக் கூண்டு. இத்தனை வருடத் தொழிலில் இதை என் மனம் ஏற்றுக்கொண்டதில்லை.

இத்தனை வருடம் பொறுத்தவருக்கு இப்போது என்ன அவசரம் என்று கேட்டேன். தோட்டத்தில் ஏழு பேர்ச்சஸ் காணியில் வீடு கொடுக்கப் போவதாகப் பேச்சாம். "பத்திரத்துல அவரு பேரும் ஏறிட்டா, நாளைக்கு என் புள்ளைகளை எறக்கி விட்டுருவாருங்க."

சொப்பிங் பேக்கை மேசையில் கொட்டினார். விவாகச் சான்றிதழ், பிள்ளைகள் இருவரின் பிறப்புச் சான்றிதழ்கள், அடையாள அட்டை, கிளினிக் அட்டை, கோயிலில் தாலி கட்டிய படம். விவாகச் சான்றிதழ் இருந்ததே பாதி நிம்மதி. தோட்டங்களில் தாலி கட்டியதோடு நின்றுவிடுபவர்கள் நிறையப் பேர். இவர்களும் அப்படித்தான் இருந்தார்கள். மூத்த பிள்ளையின் பிறப்பைப் பதியப் போனபோது, தாய் தகப்பன் விவாகமானவர்களா என்று படிவத்தில் ஒரு கட்டம் கேட்டதால் ஓடிப்போய்ப் பதிந்தார்களாம்.

தாள்களை வரிசையாக வைத்துப் பார்த்தேன். அவரது சொந்தப் பிறப்புச் சான்றிதழையும் சேர்த்தால், நான்கு இடத்தில் நான்கு பெயர். ஒன்றில் தகப்பன் பெயர் முன்னால், ஒன்றில் பின்னால், ஒன்றில் அதுவே இல்லை. சிங்களத்தில் ழகரம் கிடையாது. எழுதிய கை லகரத்தைப் போட்டிருந்தது. தமிழுக்குத் திரும்பி வந்தபோது அது வேறொரு பெண்ணின் பெயராகிவிட்டது. வழக்குக் கட்டில் இப்படி ஒரு பெயர் பிசகினால் தவணை தவணையாகத் தள்ளிப்போகும். முதல் வேலையாக, இந்தப் பெயர்கள் எல்லாம் ஒருவரையே குறிக்கும் என்று சமாதான நீதவான் முன்னிலையில் ஒரு சத்தியக்கடதாசி முடித்தோம். பிரதேச செயலகத்தில் விவாகச் சான்றிதழின் புதிய பிரதி ஒன்றும், அவர் இந்த நியாயாதிக்கத்துக்குள் குடியிருப்பதற்கு கிராம உத்தியோகத்தரின் கடிதமும் எடுத்தார்.

சட்டத்தரணி இல்லாமல் வழக்குப் போடலாமா? போடலாம். குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 24ஆம் பிரிவு, கட்சிக்காரர் தானே தோன்றலாம் என்கிறது. தமிழிலேயே போடலாமா? அதுவும் போடலாம். அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை, இலங்கையின் எந்த நீதிமன்றத்திலும் வழக்கைச் சிங்களத்திலோ தமிழிலோ தொடங்கும் உரிமையைத் தருகிறது. மொழிபெயர்ப்பை அரசு தர வேண்டும். இதைச் சொன்னபோது அவர் நம்பவில்லை. புத்தகத்தைத் திறந்து வாசித்துக் காட்டினேன்.

மனு எழுத உட்கார்ந்தோம். குடி, அடி, மாமியார் சண்டை என்று பதினைந்து வருட வாழ்க்கையைக் கொட்டினார். கேட்டுவிட்டு, "அவர் போனது எந்த மாசம்?" என்றேன். "தைப்பொங்கலுக்கு வந்தாரு. தீபாவளிக்கு வரல்ல." கொழும்பில் கடை வேலைக்குப் போன மனுசன் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துவிட்டார். அந்த உறவைக் காரணமாக எழுதினால் அதை நிரூபிக்க வேண்டும். அந்தப் பெண்ணின் பெயரும் தெரியாது, ஊரும் தெரியாது. ஆகவே கைவிட்டுப் போனதையே காரணமாக வைத்தோம். ஏழு வருடம் பிரிந்திருந்தால் விவாகம் தானாக முறிந்துவிடும் என்று லயங்களில் ஒரு பேச்சு உண்டு. அப்படி எதுவும் முறியாது.

முதல் அழைப்பாணை திரும்பி வந்தது. 'புறக்கோட்டை' என்பது ஒரு விலாசமா? பிஸ்கால் யாரைத் தேடுவார்? வழக்கு இத்தோடு நின்றுவிடும் என்றே நினைத்தேன். அடுத்த கிழமை அவர் ஒரு கிழவியைக் கூட்டிக்கொண்டு வந்தார். மாமியார். முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு காசுக்கட்டளைத் துண்டை எடுத்து என் முன்னால் வைத்தார். "எனக்கு மருந்துக்கு அனுப்புன காசுங்க. இதுல அவன் இருக்கிற எடம் இருக்கு. எம் மருமக ஒரு தப்பும் செய்யல்ல." பெற்ற மகனுக்கு எதிராக அந்தத் தாய் கொண்டுவந்த அந்தத் துண்டுதான் அழைப்பாணையைச் சேர்த்தது.

கணவர் வரவில்லை. ஒருதலைப்பட்ச விசாரணை. நான் பின்வாங்கில் இருந்தேன். கோட்டு முதலியார் மொழிபெயர்க்க, அந்தப் பெண் தமிழில் சாட்சி சொன்னார். நீங்கள்தான் போகச் சொன்னீர்களா என்று நீதிபதி கேட்டார். "இல்லீங்க ஐயா. மூணு தரம் ஆள் விட்டேன், வாங்கன்னு." குற்றம் யார் பக்கம் என்பதை அந்த ஒரு பதில் முடித்துவிட்டது. விவாகரத்தும், பிள்ளைகளின் பொறுப்பும் கிடைத்தன. பிள்ளைகளின் செலவுக்கு 1999ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டப்படி நீதவான் நீதிமன்றத்தில் தனியாக விண்ணப்பித்தார்.

எல்லோரும் தனியே போங்கள் என்று நான் சொல்லமாட்டேன். அவருக்கு மனு எழுத ஆள் இருந்தது. காசில்லாதவர்கள் முதலில் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்துக்குப் போங்கள். 1978ஆம் ஆண்டின் சட்டத்தின்படி அது அமைந்ததே உங்களுக்காகத்தான். போகும்போது உங்கள் பெயர் ஒவ்வொரு தாளிலும் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று எழுத்துக் கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. விசாரணை முடிந்த அன்று தருவது இடைக்காலத் தீர்ப்பாணை மட்டுமே, 'நைசி' என்பார்கள். மூன்று மாதம் கழித்தே அது முற்றாகும். அதுவரை நீங்கள் சட்டப்படி மனைவிதான். தவணை முடிந்ததும் மறுபடி நீதிமன்றம் போய், முற்றான தீர்ப்பாணையின் உறுதிப்படுத்திய பிரதியைக் கேட்டு வாங்கி, விவாகச் சான்றிதழோடு சேர்த்து வையுங்கள்.