நெம்மேலிச் சாலைக்கு ஏற்ற டயர்

‘பிக்கப் வண்டிக்கு நான்கு டயரும் மாற்ற வேண்டும். கடையில் ஆல் சீசன் டயர் என்று ஒன்றைக் காட்டுகிறார்கள். எல்லாப் பருவத்துக்கும் அது தாங்குமா?’ என்று சென்ற இதழில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். நான் வாரத்தில் மூன்று நாள் வண்டி ஓட்டும் சாலையைக் காட்டிவிட்டே இதற்குப் பதில் சொல்கிறேன்.

திருப்போரூரிலிருந்து கிழக்கே நெம்மேலிக்குப் போகும் சாலை அது. ஊரைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் தாழ்வான நிலம். பக்கிங்காம் கால்வாயைக் கடந்தால் காற்றில் உப்பு வாசம் வந்துவிடும். அடுத்து கிழக்குக் கடற்கரைச் சாலை. இடது கைப்பக்கம் திரும்பினால் கோவளம், வலது கைப்பக்கம் மாமல்லபுரம். இங்கேதான் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் இருக்கிறது. 2013-ல் தொடங்கியது தினம் 10 கோடி லிட்டருக்கு. 2024-ல் 15 கோடி லிட்டருக்கு இன்னொன்று வந்தது. தண்ணீரில் இருக்கும் உப்பை எடுத்துவிடுகிறார்கள். காற்றில் வரும் உப்பு மட்டும் நம் வண்டி ரிம்மில் வந்து உட்காருகிறது.

இந்தச் சாலைக்குப் பருவம் மூன்று. பங்குனி, சித்திரையில் தர்பூசணி லோடு, தார் கொதிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. தாழ்வான இடங்களில் தண்ணீர் நிற்கும். இடையில் சவுக்கு வெட்டு. வண்டி கடலோர மணலுக்குள் இறங்கும்.

மூன்று வருடத்துக்கு முன்னால், ஒரு ஏப்ரல் மதியம். வண்டி நிறைய தர்பூசணி, பக்கத்து சீட்டில் மச்சான். நெம்மேலி தாண்டிப் பட்டிபுலம் போவதற்குள் பின்பக்க இடது டயர் வெடித்தது. வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனது. எதிரே ஒரு டூவீலர். அப்பா, அம்மா, நடுவில் ஒரு குழந்தை. பிரேக்கை மிதிக்காமல் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்து, வேகம் தானாகக் குறைந்த பிறகு ஓரம் கட்டினேன். அவர்கள் தப்பித்தார்கள். எங்களுக்கும் ஒன்றும் ஆகவில்லை. கை நடுக்கம் நிற்க அரை மணி நேரம் ஆனது.

பஞ்சர் கடைக்காரர் டயரைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “என்னண்ணே, கார் டயரைப் போட்டுட்டு லோடு அடிச்சிருக்கீங்க?”

சைஸ் ஒன்றுதான், விலை குறைவு என்று நானே தேடி வாங்கியது. தப்பு என் மேல்தான்.

அவர் அன்று டயரின் பக்கவாட்டைப் படிக்கக் கற்றுக்கொடுத்தார். 215/75 ஆர் 15 என்றால் அகலம் 215 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் 75 சதவீதம், ரிம் 15 அங்குலம். நாம் பெரும்பாலும் இதோடு நிறுத்திவிடுகிறோம். அதற்கு அடுத்து வரும் எண்தான் நமக்கு முக்கியம். அது பார எண். 100 என்றிருந்தால் ஒரு டயர் தாங்குவது 800 கிலோ. 108 என்றால் 1,000 கிலோ. 112 என்றால் 1,120 கிலோ. ஒன்றரை டன் ஏற்றினால் பின் அச்சில் இறங்கும் எடை இரண்டு டன்னைத் தொடலாம். 800 கிலோ டயர் இரண்டு சேர்ந்தாலும் 1,600-தான். மீதியை யார் தாங்குவது? சரக்கு வண்டி டயரில் எல்.டி. என்றோ சி என்றோ எழுத்து இருக்கும், 8 பி.ஆர். போலப் பிளை அளவும் இருக்கும். சின்ன யானைக்கு வரும் 145 ஆர் 12 எல்.டி. டயர் அந்த வகைதான்.

ஆல் சீசன் என்பது பனி விழும் நாடுகளில் பிறந்த பேச்சு. அங்கே கோடைக்கு ஒரு செட், குளிருக்கு ஒரு செட் மாற்றுகிறார்கள். அந்தச் செலவைக் குறைக்க வந்தது அது. பக்கவாட்டில் எம் பிளஸ் எஸ் என்று இருந்தால் சேறு, பனி என்று அர்த்தம். மலையும் பனிப்பூவும் போட்ட முத்திரை பனியில் சோதித்ததற்கு. நெம்மேலியில் அந்த முத்திரைக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

நமக்கு வேண்டியது வேறு. மழையில் டயருக்கு அடியில் மாட்டும் தண்ணீர் வெளியேற நீளவாக்கில் ஆழமான பள்ளங்கள் வேண்டும். தேய்ந்துபோனால் தண்ணீர் வெளியேறாது; டயர் தண்ணீர் மேலேயே மிதக்கும், பிரேக் பிடிக்காது. பள்ளத்துக்குள் சின்ன மேடு ஒன்று இருக்கும், உயரம் 1.6 மில்லிமீட்டர். பட்டன் அந்த மேடு வரை தேய்ந்தால் டயர் முடிந்தது. நான் 3 மில்லிமீட்டரிலேயே, ஐப்பசி பிறப்பதற்குள் மாற்றிவிடுகிறேன். தார்ச்சாலையிலேயே அதிகம் ஓடுகிறவர்களுக்குப் பெரிய பட்டன் டயர் வேண்டாம். சத்தமும் அதிகம், தேய்மானமும் அதிகம். நாள் முழுக்கச் சேற்று வரப்பில் ஓடினால் மட்டும் பின்பக்கத்துக்குப் போடலாம்.

மணலில் இறங்கும்போது காற்றைக் கொஞ்சம் குறைத்தால் வண்டி புதையாது. ஆனால் தார் ஏறுவதற்கு முன் திரும்ப நிரப்பிவிட வேண்டும். காற்று குறைந்த டயர் பாரத்தில் மடங்கி மடங்கிச் சூடாகும். சித்திரையில் வெடிப்பது பெரும்பாலும் அப்படித்தான். காலையில் வண்டி எடுப்பதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது காற்று பாருங்கள். ஓடிச் சூடான டயரில் அளவு கூடுதலாகத்தான் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடாதீர்கள். எவ்வளவு அடிக்க வேண்டும் என்று வண்டியின் புத்தகத்தில் இருக்கும். லோடுக்குப் பின் டயர் அளவு தனி.

வாங்கும்போது இன்னும் சில. ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா பாருங்கள். நாலு இலக்க எண்ணையும் பாருங்கள். 2324 என்றால் 2024-ன் 23-வது வாரத்தில் செய்தது. கடையில் வருடக்கணக்கில் கிடந்த டயரைப் புதுசு என்று வாங்காதீர்கள். நான்குக்கும் பணம் இல்லையென்றால், ஒரே அச்சில் இருக்கும் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். ரீட்ரேட் செய்த டயரை முன்பக்கம் போட வேண்டாம். ஸ்டெப்னியும் அதே பார எண்ணில் இருக்கட்டும். கடலோரம் ஓடினால் வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் ரிம்மையும் வால்வையும் கழுவுங்கள்.

வாசகருக்குப் பதில் இதுதான்: ஆல் சீசன் என்ற பெயரைப் பார்க்க வேண்டாம். பார எண்ணைப் பாருங்கள், பள்ளத்தைப் பாருங்கள், காலையில் காற்றைப் பாருங்கள். அந்த டூவீலரில் நடுவில் உட்கார்ந்திருந்த குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கும். கார் டயரில் நான் மிச்சம் பிடித்த பணம் எவ்வளவு என்று இன்று எனக்கு ஞாபகம்கூட இல்லை.