காலிக் கோட்டையும் வாப்பாவின் வீடும்

ஐரோப்பியர் எழுப்பிய பழம்பெரும் நகரொன்றைக் காண விரும்பினால், லிஸ்பனுக்கோ ஆம்ஸ்டர்டாமுக்கோதான் செல்ல வேண்டும் என்பதில்லை. நமக்கு அண்டை நாடான இலங்கையின் தென்மேற்குக் கடற்கரையில் காலி என்றோர் ஊர் இருக்கிறது. போர்த்துகீசியர் தொடங்கி, ஒல்லாந்தர் கட்டி முடித்து, ஆங்கிலேயர் ஆண்டு சென்ற கோட்டை நகரம் அது. கட்டியவர்கள் எவரும் இன்று அங்கில்லை. அவர்கள் கட்டிய தெருக்களில் ஐவேளையும் பாங்கொலி கேட்கிறது. வீட்டுத் திண்ணைகளில் தமிழ் பேசப்படுகிறது. அந்த ஊருக்கு என் காக்காவுடன் சென்று வந்த கதையைத்தான் இங்கே உங்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

குரோம்பேட்டையில் பெண்கள் மதரசா ஒன்றில் பாடம் நடத்துபவள் நான். எங்கள் வாப்பா கீழக்கரையில் பிறந்தவர். பன்னிரண்டு வயதில் தனுஷ்கோடியில் கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கி, காலியில் ஒரு துணிக்கடையில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தார். 1964இல் இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது. அதே ஆண்டு டிசம்பரில் வீசிய புயல் தனுஷ்கோடியையே அழித்தது. அதற்குச் சற்று முன்பே வாப்பா ஊர் திரும்பிவிட்டார். பிறகு சென்னைக்கு வந்து, பல்லாவரம், குரோம்பேட்டைத் தோல் கிடங்குகளில் உழைத்து, ஒரு கிரவுண்டு நிலம் வாங்கி வீடு கட்டினார். ஆனாலும் கடைசிவரை அவர் பேச்சில் காலிக் கோட்டையின் கடற்காற்று வீசிக்கொண்டே இருந்தது.

உம்மா முன்பே மறைந்துவிட்டார். மூன்று ஆண்டுகளுக்கு முன் வாப்பாவும் வஃபாத்தானார். அதன்பின் அடுக்குமாடி கட்டுவோர் எங்கள் வாசலுக்கு வரத் தொடங்கினர். விற்றுவிடலாம் என்றார் காக்கா. நான் ஒன்றும் சொல்லவில்லை. என் பங்கு எவ்வளவு என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மதரசாவில் கரும்பலகையில் வாரிசுரிமைக் கணக்கை எழுதிப் பிள்ளைகளுக்கு விளக்குகிற நான், உடன்பிறந்தவரிடம் அதே கணக்கைக் கேட்க நாணினேன். எங்களுக்குள் பேச்சு குறைந்தது. பெருநாளன்றும் ஸலாம் சொல்வதோடு நின்றது.

அந்த நிலையில்தான் ஒருநாள் காக்கா வந்து, "வாப்பா சொல்லிக்கொண்டேயிருந்த காலியை ஒருமுறை பார்த்துவிட்டு வருவோமா, தங்கச்சி?" என்று கேட்டார். மறுக்க மனம் வரவில்லை.

கல்லில் மூன்று மொழிகள்

கொழும்பில் இறங்கியதும் முதலில் தேசிய அருங்காட்சியகத்துக்குச் சென்றோம். கல்லூரியில் வரலாறு படித்த காலத்திலிருந்தே நான் காண ஏங்கிய கல்வெட்டு ஒன்று அங்கிருக்கிறது. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ கொண்டுவந்த கல் அது. 1409ஆம் ஆண்டு சீனாவில் பொறிக்கப்பட்டது. சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகள் அதில் உள்ளன. சீன மொழிப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தென்திசையில் கோயில் கொண்ட தேனாவரை நாயனாருக்கும், பாரசீகப் பகுதி இஸ்லாத்தின் வழியிலும் காணிக்கைகளைக் கூறுகின்றன. செங் ஹோவே முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். 1911இல் காலியில் கண்டெடுக்கப்பட்டபோது இந்தக் கல் ஒரு வடிகாலுக்கு மூடியாகக் கிடந்ததாம்!

ஐரோப்பியர் வருகைக்கு நெடுங்காலம் முன்பே காலித் துறைமுகத்தில் நம்மவர் இருந்தனர் என்பதற்கு இதுமட்டும் சான்றன்று. 1344இல் இலங்கைக்கு வந்த இப்னு பதூதா, காலியைச் சிறிய ஊர் என்று குறிப்பிட்டு, அங்கே இப்ராஹீம் என்ற முஸ்லிம் மரக்கலத் தலைவர் தமக்கு விருந்தளித்ததையும் பதிவு செய்திருக்கிறார்.

கடலோர ரயில்

கொழும்புக் கோட்டை நிலையத்திலிருந்து காலிக்கு ரயிலில் செல்வதே சிறப்பு. வலப்புறச் சன்னலோரம் இடம் பிடித்துக்கொள்ளுங்கள். வழிநெடுகிலும் கடல் உடன் வரும். சில இடங்களில் அலைத்துளி முகத்தில் தெறிக்கும் அளவுக்குத் தண்டவாளம் நீரை ஒட்டிச் செல்கிறது. பழமையான முஸ்லிம் குடியிருப்பான பேருவளையைக் கடந்து, ஹிக்கடுவைக்கு அருகே பெரலிய என்ற சிற்றூர் வருகிறது. 2004 டிசம்பர் 26 அன்று, ஆழிப்பேரலை இவ்விடத்தில்தான் ஒரு ரயிலைப் புரட்டிப்போட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெட்டியில் அதுவரை பேசிக்கொண்டிருந்தவர்கள் அங்கே சற்று அமைதியானார்கள். காக்கா கைகளை ஏந்தினார். நானும் ஏந்தினேன்.

சேவலும் சிங்கங்களும்

காலி நிலையத்தில் இறங்கிச் சிறிது தூரம் நடந்தால் கோட்டை மதில் நம்முன் எழுகிறது. போர்த்துகீசியர் 1505இல் இலங்கைக்கு வந்து, 1588இல் இங்கே அரண் எழுப்பினர். 1640இல் ஒல்லாந்தர் அதைக் கைப்பற்றி, கருங்கல்லும் பவளப்பாறையும் கொண்டு இன்று நாம் காணும் பெருங்கோட்டையாக விரித்தனர். 1796இல் ஆங்கிலேயர் வசமாயிற்று. பழைய வாயிலின் உட்புறத்தில் ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சின்னத்தை இரு சிங்கங்கள் தாங்கி நிற்க, மேலே ஒரு சேவல் வீற்றிருக்கிறது. 1669 என்ற ஆண்டும் உள்ளது. போர்த்துகீசிய மொழியில் 'காலோ' என்றால் சேவல். ஊரின் பெயரை அவர்கள் அப்படிக் கேட்டுக்கொண்டதன் விளைவே அந்தச் சேவல் என்பர். அதே வாயிலின் வெளிப்புறத்தில் ஆங்கில அரசின் சின்னம். உள்ளே நுழையும்போது ஓர் அரசு, வெளியேறும்போது வேறோர் அரசு!

உள்ளே குறுகிய, நேரான தெருக்கள். தூண்கள் தாங்கிய தாழ்வாரங்களும் ஓட்டுக் கூரைகளும் கொண்ட வீடுகள். கடலேற்றத்தின் நீரே உட்புகுந்து கழுவிச் செல்லுமாறு ஒல்லாந்தர் நிலத்தடியில் செங்கல் வடிகால்கள் அமைத்திருந்தனர். பரவர் பெயரால் ஒரு தெரு இருக்கிறது. 1755இல் கட்டி முடிக்கப்பட்ட ஒல்லாந்தர் தேவாலயத்தில், தளம் முழுதும் கல்லறைப் பலகைகள் பதித்திருக்கின்றன. ஆளுநர்களின் மீதும் வணிகர்களின் மீதும் மக்கள் நடந்து செல்கிறார்கள். 1602இல் தோன்றி உலக வாணிபத்தையே ஆட்டிவைத்த அந்தக் கம்பெனி, 1799இல் கடனில் மூழ்கிக் கலைந்தது.

எனக்கு எங்கள் ஊர் நினைவு வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேயர் நிறுவிய குரோம் லெதர் தொழிற்சாலையால்தான் எங்கள் ஊர் குரோம்பேட்டை ஆயிற்று. தொழிற்சாலை போயிற்று, பெயர் மட்டும் ரயில் நிலையப் பலகையில் நிற்கிறது. கம்பெனிகளின் ஆயுள் அவ்வளவே.

மீரான் பள்ளி

கோட்டையின் தென்முனையில் கலங்கரை விளக்கம். முதலாவது 1848இல் எழுந்து தீக்கிரையானது; இப்போதுள்ளது 1939இல் கட்டியது. அதன் எதிரே வெண்ணிறத்தில் இரட்டைக் கோபுரங்களுடன் ஒரு கட்டடம். மாதாகோயில் என்றே எவரும் எண்ணுவர். அதுதான் 1904இல் கட்டப்பட்ட மீரான் ஜும்ஆப் பள்ளிவாசல்! வாப்பா தொழுத பள்ளி.

காக்கா உளூச் செய்து உள்ளே சென்றார். நான் எதிரே மதிலோரம் நின்று அதன் வரலாற்றை எண்ணிப்பார்த்தேன். 1626இல் போர்த்துகீசியர் தம் ஆட்சிப் பகுதியிலிருந்து சோனகர்களை வெளியேற்ற ஆணையிட்டனர். கண்டி மன்னர் செனரத் அவர்களில் ஏறத்தாழ நாலாயிரம் பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்திப் பாதுகாத்தார். ஒல்லாந்தர் காலத்திலோ, கொழும்பின் கோட்டையிலும் பேட்டையிலும் சோனகர் வீடோ நிலமோ சொந்தமாக்கிக்கொள்ளத் தடை இருந்தது. ஆங்கிலேயர் 1832இல்தான் அதை நீக்கினர். ஒரு வீட்டைத் தன்னுடையது என்று சொல்லும் உரிமைக்காக எத்தனை தலைமுறைகள் காத்திருந்தன!

ஒரு முதியவரின் வீடு

தொழுகை முடிந்து காக்கா ஒரு முதியவருடன் வெளியே வந்தார். நாங்கள் கீழக்கரை வழி என்று அறிந்ததும் அவர் முகம் மலர்ந்தது. தெருக்களைச் சுற்றிக் காட்டியவர், ஓரிடத்தில் நின்றார். அழகுற வெள்ளையடித்த வீடு. முற்றத்தில் வெளிநாட்டார் சிலர் அமர்ந்து உணவருந்திக்கொண்டிருந்தனர்.

"இது எங்கட வீடு, மகன். இப்போது ஹோட்டல்" என்றார்.

1988இல் யுனெஸ்கோ இக்கோட்டையை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. 2004 பேரலையில் மதிலுக்கு வெளியே பேருந்து நிலையமும் கடைவீதியும் அழிந்தபோதும், மதில் உள்ளிருந்த ஊரைக் காத்தது. அதன்பின் வீடுகளின் விலை ஏறிற்று. வாங்குவோர் கடல் கடந்து வந்தனர். "ஆக, பணக்காரர்கள் வந்து பறித்துக்கொண்டார்கள்" என்றார் காக்கா.

முதியவர் தலையசைத்து மறுத்தார். "யாரும் பறிக்கவில்லை மகன். நாங்கள் பிரிக்கவில்லை. எங்கட வாப்பாவின் வாப்பா மௌத்தானபோது பிள்ளைகள் ஐந்து பேர். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பங்கை எழுதாமல் விட்டார்கள். எங்கள் காலத்தில் பங்காளிகள் இருபத்து மூன்று பேர். கூரையில் ஓடு மாற்றவும் எல்லாருடைய சம்மதமும் வேண்டும். பெண்பிள்ளைகள் வாய் திறந்து கேட்கவில்லை, மனத்தில் வைத்துக்கொண்டார்கள். நல்ல விலை வந்த அன்று எல்லாரும் ஒரே நாளில் கையெழுத்து வைத்தோம். சண்டை கூட இல்லை. ஆனால் அதன்பிறகு ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போவதில்லை."

மதிலுக்கு வெளியே இருந்த தம் சிறிய வீட்டில் அவர் எங்களுக்குத் தேத்தண்ணீரும் வட்டிலப்பமும் தந்து உபசரித்தார். அந்த வீட்டிலேயே நான் தொழுதுகொண்டேன். அவர் இன்றும் ஒவ்வொரு வேளைத் தொழுகைக்கும் கோட்டைக்குள் நடந்து வருகிறாராம். வரும் வழியில் தம் பழைய வீட்டைத் தாண்டித்தான் வர வேண்டும்.

மதில் மேல் மாலைப்பொழுது

காலிக்குச் சென்றால் மாலையில் மதில்மேல் நடக்கத் தவறாதீர்கள். ஞாயிறு கடலில் இறங்கும் வேளையில் உள்ளூர்க் குடும்பங்கள் பிள்ளைகளுடன் அங்கே வந்து அமர்கின்றன. பட்டங்கள் பறக்கின்றன. பீரங்கிகள் நின்ற கொத்தளங்களில் சிறுவர்கள் பந்தாடுகிறார்கள். வாப்பாவும் கடை அடைத்த பின் இங்கே எங்கேனும் அமர்ந்து, கடலுக்கு அப்பாலுள்ள உம்மாவை எண்ணிக் கண் கலங்கியிருப்பார்.

காக்கா நெடுநேரம் பேசவில்லை. மறுநாள் திரும்பும் ரயிலில், பயணச்சீட்டின் பின்புறத்தையும் பேனாவையும் என் பக்கம் நகர்த்தினார். "கரும்பலகையில் பிள்ளைகளுக்கு எழுதிக் காட்டுவாயே, அதை எனக்கும் எழுதிக் காட்டு, தங்கச்சி" என்றார். மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று. ஆக மூன்று பங்கு என்று எழுதினேன். அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். சன்னலுக்கு வெளியே கடல் இப்போது இடப்புறம் வந்துகொண்டிருந்தது.

வாசகர்களே! கோட்டைகளைக் காணச் செல்வோர் அவற்றைக் கட்டியவர்களையும் வென்றவர்களையும் பற்றிப் பேசுகிறோம். அதன் உள்ளே ஒரு வீட்டில் வாழ்ந்தவர்களின் கதையையும் சற்றுக் கேட்டுவாருங்கள். உங்கள் வீட்டில் யாருடைய பங்கேனும் எழுதப்படாமல் இருந்தால், கேட்கக் கூசுகிறவர் கேட்கட்டும் என்று காத்திராதீர்கள். நீங்களே முன்வந்து எழுதிக் கொடுங்கள்.

ஊர் திரும்பிய மாதமே சார்பதிவாளர் அலுவலகத்தில் பங்குகள் பதிவாயின. வீட்டை விற்பதா வைத்திருப்பதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை, பேசிக்கொண்டிருக்கிறோம். பேசுகிறோம் என்பதே எங்களுக்குப் பெரிது, அல்ஹம்துலில்லாஹ். மழைக்காலத்துக்கு முன் மேல்தளத்து ஒழுக்கைச் சரிசெய்தோம். செலவில் இரண்டு பங்கு காக்காவுடையது. ஒரு பங்கு என்னுடையது.