நடுவுல ஒரு கபாசிட்டர்

ரெண்டு பக்கமும் சீவின பென்சில் ரெண்டு, 9 வோல்ட் பேட்டரி ஒண்ணு, ஒரு டம்ளர் உப்புத் தண்ணி. பென்சில்களோட மேல் நுனியில பேட்டரியை இணைச்சு, கீழ் நுனியைத் தண்ணியில விட்டா குமிழி குமிழியா வரும். பாசிட்டிவ் பக்கம் கொஞ்ச நேரத்துல நீச்சல் குள வாசனை அடிக்கும். அது குளோரின். (ஜன்னலைத் திறந்து வெச்சுட்டு செய்யுங்க சாமி!)

நம்ம உடம்புக்குள்ள இருக்கறதும் உப்புத் தண்ணிதான். அதுல எலக்ட்ரோடை வெச்சு நரம்பையோ தசையையோ தூண்டணும்னா இந்தக் குமிழி வரக்கூடாது. கம்பியில ஓடுறது எலக்ட்ரான், உடம்புல ஓடுறது அயனி. ரெண்டும் சந்திக்கிற பரப்புல கொஞ்சமா சார்ஜைக் கொடுத்து, உடனே திருப்பி எடுத்துக்கிட்டா பெருசா ஒண்ணும் ஆகாது. ஒரே திசையில கொடுத்துக்கிட்டே இருந்தா ஒரு பக்கம் அமிலம், இன்னொரு பக்கம் காரம். உலோகமும் கரையலாம். 1955ல ஜான் லில்லி (பின்னாடி டால்பின்களோட பேசக் கிளம்பினாரே, அதே ஆள்தான்) முன்னும் பின்னும் சமமா போற பல்ஸை வெச்சு மூளையைச் சேதமில்லாம தூண்டலாம்னு எழுதினார்.

இப்போ எங்க புராஜெக்ட் சண்டைக்கு வரேன். "மைக்ரோகன்ட்ரோலரே ரெண்டு பக்கமும் அளந்து அனுப்பிடும். கபாசிட்டர் எதுக்குடா?"ன்னான் கூட்டாளி. நியாயமான கேள்விதான். கணக்குப் போட்டோம். 2 மில்லி ஆம்பியர், 200 மைக்ரோ செகண்ட், அதாவது ஒரு பல்ஸுக்கு 0.4 மைக்ரோ கூலும். ரெண்டு பக்கத்துக்கும் 1 சதவீதம் வித்தியாசம்னா 4 நானோ கூலும் மிச்சம். செகண்டுக்கு 50 பல்ஸ்னா, 0.2 மைக்ரோ ஆம்பியர் டிசி நிக்காம ஓடுது. அது போகட்டும், அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனா? மொத்த சப்ளையும் எலக்ட்ரோடு மேல! நடுவுல கபாசிட்டர் இருந்தா அது நிரம்பின உடனே டிசி நின்னுடும். புரோகிராம் தொங்கினாலும் நிக்கும்.

1 மைக்ரோ ஃபாரட் போட்டா ஒரு பல்ஸுக்கு அதுல 0.4 வோல்ட் ஏறும். அதையே 0.01 போட்டா 40 வோல்ட், நம்ம சப்ளை தாங்காது. ஏறினது இறங்கவும் வழி வேணும். ஒரே திசைப் பல்ஸ் மட்டும் அனுப்பினா கபாசிட்டர் படிப்படியா நிரம்பி, கடைசியில பல்ஸே போகாது. அதனால பல்ஸ் முடிஞ்சதும் எலக்ட்ரோடு வழியாவே டிஸ்சார்ஜ் பண்ணணும். வழியில 1 கிலோ ஓம் இருந்தா 5 மில்லி செகண்ட்ல கிட்டத்தட்ட காலி. அடுத்த பல்ஸுக்கு 20 மில்லி செகண்ட் இருக்கே, தாராளம்.

ஆனா கபாசிட்டர் பண்றது போற சார்ஜும் வர்ற சார்ஜும் சமமாகுறதை மட்டும்தான். போனதுல ஒரு பங்கு திரும்பாத ரசாயன மாற்றத்துல செலவாகிட்டா, அதே அளவைத் திருப்பி எடுக்கும்போது எலக்ட்ரோடு கொஞ்சம் எதிர்ப்பக்கம் தள்ளிப் போய் நிக்கும். அதுக்கு பிளாட்டினம், இரிடியம் ஆக்சைடு மாதிரி நல்ல பரப்பும், அளவான சார்ஜும்தான் மருந்து. இந்த விஷயத்துல கூட்டாளி சொன்னதுல பாதி சரி. அவன்கிட்ட இதைச் சொல்லல :-)

இன்னொண்ணு, வீட்டுல முயற்சி பண்ண நினைக்கிறவங்களுக்கு. கபாசிட்டர் டிசியைத்தான் தடுக்கும். வீட்டு கரன்ட் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் ஏசி. அடாப்டர் பழுதாகி அது உள்ள வந்தா, 1 மைக்ரோ ஃபாரடும் 1 கிலோ ஓம் உடம்பும் சேர்ந்து சுமார் 70 மில்லி ஆம்பியரை விடும். ஆளைக் கொல்ல அது போதும். எங்க போர்டு பேட்டரியில மட்டும்தான் ஓடுது, அதுவும் உப்புத் தண்ணி டம்ளருக்குள்ள.