கரிசல் மண்ணில் ஜாக்கி

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி செல்லும் சாலையில் மலையும் இல்லை, பள்ளத்தாக்கும் இல்லை. இருமருங்கும் சீமைக்கருவேல மரங்கள். ஆங்காங்கே கரிமூட்டத்தின் புகை. இத்தகைய சமவெளியில் பிரேக்கு எதற்கு என வெளியூரார் எண்ணக்கூடும். அவர்கள் நம் ஆட்டு மந்தைகளை அறியார். கருவேல நெற்றைத் தேடி ஓர் ஆடு சாலையைக் கடந்துவிட்டால், மற்றவை அனைத்தும் அதன் பின்னே கடந்தே தீரும்.

சென்ற கோடையில் அப்படித்தான் ஒரு மந்தை குறுக்கிட்டது. நம் தங்கை மகன் சவூதியிலிருந்து விடுப்பில் வந்து வாங்கியிருந்த பழைய சிவப்புக் கார் அது. தெருப்பிள்ளைகள் அதற்கு இட்ட பெயர் 'பந்தயக் கார்'. அவன் பிரேக்கை மிதித்ததும் ஸ்டீயரிங் நடுங்கிற்று. பின்னிருக்கையில் தங்கை உரத்து ஸலவாத் ஓதினாள். கடைசி ஆட்டுக்கு ஒரு முழம் இருக்கையில் கார் நின்றது.

வீடு வந்து முன்சக்கரங்களைக் கழற்றிப் பார்த்தோம். டிஸ்க் எனப்படும் இரும்புத் தகடு உழுத புன்செய் போல வரிவரியாய்க் கிடந்தது. இதற்குமேல் தேயலாகாது என்று அதன் விளிம்பிலேயே வார்க்கப்பட்டிருந்த அளவுக்கும் கீழே தேய்ந்துவிட்டது. பட்டறைக்காரர் ஒரு வாரம் கேட்டார். மருமகனின் விடுப்போ நான்கு நாளில் முடிகிறது. "நாமே மாத்திடலாம் மாமு" என்றான். நாமும் இசைந்தோம். மர்ஹூம் அத்தா முப்பதாண்டுகள் பஸ் பட்டறையில் உழைத்தவர்; அவருடைய கருவிப்பெட்டி நம்மிடம் இருக்கிறது. அந்தப் பெருமைதான் காரணம், வேறில்லை.

இத்தகடு பிறந்த கதையும் புழுதியோடு தொடர்புடையதே. இங்கிலாந்தின் லான்செஸ்டர் என்பார் 1902-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். தகட்டைப் பற்றும் பட்டைகளைச் செம்பில் அமைத்தார். அக்காலப் புழுதிச் சாலைகளில் அவை விரைவில் தேய்ந்தொழிந்தன. அரை நூற்றாண்டு கழித்து, 1953-இல், பிரான்சின் லெ மான்ஸ் நகரில் நடைபெறும் இருபத்துநான்கு மணி நேரப் பந்தயத்தில், டிஸ்க் பிரேக்கு பூண்ட ஜாகுவார் கார் வென்ற பின்னரே உலகம் இதன் அருமையை உணர்ந்தது. மூடிய டிரம்மினுள் வெப்பம் தங்கிவிடும். திறந்த தகடோ காற்றில் தணியும். பந்தயத்துக்கு உதவியது பின்னர் வீட்டுக் கார்களுக்கும் வந்தது.

சுபுஹுத் தொழுகைக்குப் பின் வேலையைத் தொடங்கினோம். முற்றத்துச் சிமெண்டுத் தரைக்குக் காரை ஏற்றலாம் என்றான் மருமகன். வேப்பமர நிழலே போதும் என்றோம் நாம். முன்னிரவில் கோடைமழை தூறியிருந்தது. கரிசல் மண் மேலே காய்ந்து தோன்றும். உள்ளே களியாக இருக்கும். பிறந்தது முதல் இம்மண்ணில் நடப்பவர்கள் நாம். அன்று அது நினைவில் எழவில்லை.

கழற்றிய சக்கரத்தைக் காரின் அடியில் கிடத்தினோம். அத்தாவின் பழக்கம் அது, யோசித்துச் செய்யவில்லை. காலிப்பரைக் கழற்றி, அதன் குழாயில் பளு ஏறாதவாறு கம்பியால் சுருளில் கட்டினோம். துரு பிடித்து ஒட்டியிருந்த தகட்டை அதன் துளைகளில் இரு போல்ட்டுகளைச் செலுத்தி நெம்பினோம். "டக்" எனத் தகடு விடுபட்ட அந்த அதிர்வில், ஜாக்கி மண்ணில் சரிந்தது. கார் விழுந்தது. கிடத்தியிருந்த சக்கரத்தின்மேல் அமர்ந்து நின்றது. மருமகனின் கால் அதற்குச் சற்று முன்புவரை அங்கேதான் நீண்டிருந்தது. இருவருக்கும் பேச்சு எழவில்லை. ஒட்டகத்தைக் கட்டாமல் தவக்குல் வைத்தவர் யார் என்று நம் மனம் நம்மையே கேட்டது.

"என்ன சத்தம்?" என்றாள் அடுக்களையிலிருந்து தங்கை.

"ஒன்றுமில்லை, டயர் விழுந்தது" என்றோம்.

பின்னர் காரைச் சிமெண்டுத் தரைக்கு மாற்றிக்கொண்டு தொடர்ந்தோம். ஹப்பின் முகத்திலிருந்த துருவை உப்புத்தாளால் தேய்த்தோம். மயிரிழை துரு இருந்தாலும் புதுத் தகடு கோணலாகச் சுழன்று மீண்டும் நடுங்கும். புதுத் தகட்டின் எண்ணெய்ப் பூச்சையும் துடைத்தெடுத்தோம். பழைய தூசியை ஈரத்துணியால் ஒற்றினோம். அத்தா அதை வாயால் ஊதித் தள்ளுவார். அந்நாளைய பிரேக்குப் பட்டைகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. அதன் இழைகள் நுரையீரலில் தங்கிக் கேடு செய்வன. இறுதியாண்டுகளில் அவர் இருமிய இருமலை இப்போது வேறு செவியால் கேட்கிறோம்.

இரு பக்கமும் முடிய அஸர் ஆயிற்று. காரை நகர்த்துமுன் பிரேக்கைப் பலமுறை மிதிக்கச் செய்தோம். முதல் மிதி தரைவரை சென்றது. காலிப்பரின் பிஸ்டனைப் பின்தள்ளியிருந்தமையால் அப்படித்தான் இருக்கும். இதை மறந்து தெருவில் இறங்குவோர் உண்டு. பின் ஆளில்லாச் சாலையில் மிதமான வேகத்தில் பலமுறை நிறுத்தி நிறுத்திப் பழக்கினோம். நடுக்கம் இல்லை.

மறுநாள் தங்கையை ஏற்றிக்கொண்டு திருச்சுழிக்குப் புறப்பட்டோம். வழியில் அதே மந்தை. கார் அமைதியாக நின்றது. ஆட்டிடையர் நம்மைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஆடுகள் கடந்துகொண்டிருக்கையில், அந்தச் சத்தம் எதனுடையது என்பதைத் தங்கையிடம் கூறினோம்.

ஊர் வரும்வரை அவள் பேசவில்லை. இறங்கும்போது மகனின் காலை ஒருமுறை பார்த்தாள். "அந்த ஜாக்கியை எங்கிட்ட கொடுத்துடுங்க அண்ணே" என்றாள்.