ரிஷபத்தின் இடக்கொம்பு

சிவாலயப் பெருவிழாக்களில் ஐந்தாம் திருநாள் இரவுக்குத் தனிச் சிறப்பு உண்டு. திருமயிலையில் பங்குனிப் பெருவிழாவிலும், திருவண்ணாமலையில் கார்த்திகைத் தீபப் பெருவிழாவிலும் அன்றிரவே இறைவன் ரிஷபாரூடராக எழுந்தருள்கிறான். நள்ளிரவானாலும் கண் விழித்து, திண்ணைகளிலும் தெருவோரங்களிலும் முதியோர் காத்திருப்பர். முழங்கால் வலியையும் பனியையும் அவர்கள் அப்போது பொருட்படுத்துவதில்லை. கோபுர வாயிலில் முதலில் புலப்படுவது வெண்ணிறக் கொம்புகள் இரண்டும்தான். அவற்றுக்குப் பின்னரே மாலைகளும் திருவாசியும் திருமுகமும் தெரியும். பிரதோஷ காலத்தில் நந்தியின் இரு கொம்புகளுக்கு இடையே சிவலிங்கத்தைக் கண்டு வணங்கிப் பழகிய கண்களுக்கு, அந்தக் கொம்புகள் வெறும் அலங்காரமாகத் தோன்றுவதில்லை.

கொள்ளிடத்தின் வடகரையில், திருமழபாடிக்கு அருகே உள்ள ஒரு சிற்றூர்க் கோயிலில் வைகாசியில் பத்து நாள் விழா. நந்தியம்பெருமானின் திருமணம் ஆண்டுதோறும் நிகழும் தலத்தின் அண்டை ஊர் அது; ஆகவே அங்குள்ளோர்க்கு ரிஷபத்தின்மேல் ஓர் உறவுரிமையே உண்டு. அக்கோயிலின் பழைய மர ரிஷபத்தைக் கரையான் அரித்துவிட்டது. வயிற்றுப் பகுதியை விரலால் அழுத்தினால் மாவாக உதிர்ந்தது. இதை முதலில் கண்டவர் ஊரின் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். ஐந்தாம் நாள் இரவில் வாகனத்தின் பின்னே தேவாரம் ஓதிச் செல்வது அவர் நெடுங்காலமாக மேற்கொண்டிருந்த பணி. "புதிய ரிஷபம் ஒன்று செய்து வைத்துவிட்டால் போதும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தவர், அது நிறைவேறுமுன் சிவபதம் அடைந்தார். அவருடைய மனைவியார் குடும்ப ஓய்வூதியத்திலிருந்து ஆறு ஆண்டுகள் சிறிது சிறிதாகச் சேர்த்தார். கையில் கிடந்த வளையல்களில் இரண்டும் அதில் சேர்ந்தன.

பணி பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூரில் ஒரு ஸ்தபதியாரிடம் ஒப்படைக்கப்பட்டது. பச்சைமலை அடிவாரத்து அந்த ஊரில் மரச்சிற்பம் குலத்தொழில். வாகை, மா, வேம்பு முதலிய மரங்களில் தெய்வத் திருமேனிகளும் வாகனங்களும் தேர்ச்சிற்பங்களும் அங்கே உருவாகின்றன. 2020-ஆம் ஆண்டில் அரும்பாவூர் மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. நான்கு மாத உழைப்பில் ஐந்தடி உயர ரிஷபம் எழுந்தது. சற்றே திரும்பிய முகமும், கழுத்தில் மணிமாலையும், பிதுங்கும் விழிகளுமாக அது நின்றதை அம்மையார் நேரில் சென்று பார்த்தார். விழிகளில் கருமணி மட்டும் இல்லை. அது கோயிலுக்கு வந்த பிறகு, உரிய முகூர்த்தத்தில் எழுதப்பட வேண்டியது.

சித்திரை மாதத்தின் கடைசி வாரத்தில், ஒரு சிறிய லாரியில் வாகனத்தை ஏற்றினார்கள். வைக்கோல் பரப்பி, கால்களுக்கிடையே சாக்குமூட்டைகள் திணித்து, பீடத்தை நான்கு புறமும் கட்டி, மேலே தார்ப்பாய் போர்த்தினார்கள். இதுவரை எல்லாம் முறையாகவே நடந்தது. பெரம்பலூரைக் கடந்ததும் காற்று வலுத்தது. தார்ப்பாய் படபடவென்று அடித்துக்கொண்டு பறக்கப் பார்த்தது. ஓட்டுநர் இருபத்து மூன்று வயது இளைஞர். வண்டியை நிறுத்தி, கையிலிருந்த கயிற்றைத் தார்ப்பாயின் மேலாகவே ரிஷபத்தின் கொம்புகளில் சுற்றி, லாரியின் பக்கக் கொக்கியில் இறுக்கினார். கொம்பு கட்டுவதற்கு வாகாக அமைந்திருந்தது. வேறெதையும் அவர் எண்ணவில்லை. அரியலூரைச் சுற்றிச் சுண்ணாம்புக்கல் ஏற்றிய கனரக வண்டிகள் இரவு பகலாக ஓடும் சாலைகள். அங்கே ஒரு வேகத்தடை இருந்தது. வண்டி குதித்தது, பீடம் கட்டுக்குள் சற்றே அசைந்தது, கயிறோ அசையவில்லை.

அந்திப்பொழுதில் மேளத்துடன் ஊர் எல்லையில் காத்திருந்தவர்கள் முன்னிலையில் தார்ப்பாய் அகற்றப்பட்டது. இடக்கொம்பு வளைவின் நடுவே முறிந்து, சாக்கின் மேல் கிடந்தது. மேளம் நின்றுபோயிற்று.

அம்மையார் அழவில்லை. வீட்டுக்குத் திரும்பி, விளக்கேற்றி, கணவரின் படத்தின் முன் வெகுநேரம் அமர்ந்திருந்தார் என்று அண்டை வீட்டார் பின்னர் சொன்னார்கள். அவருக்குப் பணம் போனது பெரிதாகத் தோன்றவில்லை. தம் காணிக்கையை இறைவன் ஏற்க மறுத்துவிட்டானோ என்ற எண்ணமே நெஞ்சை அறுத்தது. ஊரில் இரண்டொருவர் "அபசகுனம்" என்று வாய்விட்டே சொன்னார்கள். பிறர் துயரத்தின்மேல் இவ்வாறு சொல் எறிபவர்கள் எந்த ஊரிலும் இருக்கிறார்கள். மறுபுறம், விழாக் குழுவினர் ஓட்டுநருக்கு வாடகை தர மறுத்ததோடு, சேதத்துக்கு ஈடு கேட்டார்கள். அந்த இளைஞர் எதையும் மறைக்கவில்லை. கயிறு கட்டியது தாமே என்று ஒப்புக்கொண்டு, மாதாமாதம் தந்து தீர்த்துவிடுவதாகச் சொல்லி நின்றார்.

மறுநாள் காலை அம்மையார் குருக்களிடம் சென்றார்.

"சுவாமி, பின்னமான வாகனத்தில் பெருமான் எழுந்தருளலாமா? உள்ளதைச் சொல்லுங்கள்."

குருக்கள் முதிர்ந்தவர். ஆறுதலுக்காக எதையும் சொல்லும் வழக்கம் அவருக்கு இல்லை. "அம்மா, பிரதிஷ்டை ஆன பின் பின்னம் நேர்ந்தால் அதற்குரிய பிராயச்சித்தம் வேறு. பழுதின் தன்மையை ஆராய வேண்டும். முதன்மையான அங்கமா, சிறு உறுப்பா என்று பார்க்க வேண்டும். சைதன்யத்தைக் கும்பத்துக்கு மாற்றிய பிறகே உளி படலாம். இதற்கு இன்னும் கண் திறக்கவில்லை. கண் திறக்கும் வரை இது ஸ்தபதியின் பட்டறையில் இருப்பதாகவே கணக்கு. குறையைத் திருத்திய பின் பொன்னூசி பிடிப்போம். ஆனால் ஒட்டுப்போட்ட கொம்போடு நான் சுவாமியை ஏற்ற மாட்டேன்" என்றார்.

கடைசி வாக்கியத்துக்குக் காரணம் இருந்தது. உள்ளூர்த் தச்சர் ஒருவர், முறிந்த துண்டைப் பசையிட்டு ஒட்டி, வண்ணம் பூசினால் எவருக்கும் தெரியாது என்று முன்வந்திருந்தார். எவருக்கும் தெரியாதுதான். ஆனால் விழா இரவில் கொம்புகளுக்குக் குப்பி பூட்டுவார்கள்; ஆள் உயர மாலைகள் அவற்றின்மேல் சாயும்; ஸ்ரீபாதம் தாங்கிகள் வாகனத்தைத் தோளில் ஏற்றி, முன்னும் பின்னுமாக அசைத்து நடையிடுவார்கள்; மேலே உற்சவமூர்த்தியைப் பற்றிக்கொண்டு ஒரு சிவாசாரியார் நிற்பார். தடுமாறும் நொடியில் அவர் கை தேடுவது கொம்பையே. வெளிப்பார்வைக்கு அழகாக இருக்கும் ஒட்டு அந்த நொடியில் உயிருக்கு உலை வைத்துவிடும்.

மூன்றாம் நாள் ஸ்தபதியார் வந்தார். முறிந்த துண்டைக் கையிலெடுத்து, வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு குழுவினரை அழைத்து, முறிவில் ஓடிய நார்களைக் காட்டினார். கொம்பு நேரான பலகையிலிருந்து வளைவாக அறுத்து எடுக்கப்பட்டிருந்தது. அடியிலும் நுனியிலும் நார் கொம்பின் போக்கிலேயே ஓடியது. வளைவின் நடுவிலோ குறுக்காக வெட்டுப்பட்டுக் குட்டையாக நின்றது. அத்தகைய இடம் அழுத்தத்தைத் தாங்காது.

"கயிறு கட்டியது பிசகு. ஆனால் கயிற்றின் மேல் மட்டும் பழி போட முடியாது. அவசரத்தில் பலகையில் வெட்டினேன். அது என் பிசகு. அந்தப் பிள்ளைக்கு வாடகையைக் கொடுத்துவிடுங்கள். கொம்புக்கு எனக்குக் கூலி வேண்டாம்" என்றார் ஸ்தபதியார்.

மரவேலையில் இது பழைய அறிவு. கடலூரிலும் தூத்துக்குடியிலும் மரத்தோணி கட்டிய தச்சர்கள், தோணியின் விலா வளைவுகளுக்கு நேர்மரத்தை அறுத்து வளைவு செய்வதைத் தவிர்த்தார்கள். இயல்பாகவே வளைந்து வளர்ந்த கிளையைத் தேடி எடுத்தார்கள். வளைவோடு நாரும் சேர்ந்து வளைந்திருக்க வேண்டும் என்பதே நோக்கம். ஏர்க்கலப்பைக்கு மரம் தேடிய உழவரும் அவ்வாறே தோப்பு தோப்பாக அலைந்தார். கடலலையோ, உழுநிலமோ, தோளில் ஆடும் வாகனமோ, மரத்துக்கு நேரும் சோதனை ஒன்றுதான்.

வலக்கொம்பும் அதே பலகையில் பிறந்தது என்பதால் அதையும் மாற்றிவிடுவதென்று ஸ்தபதியார் முடிவு செய்தார். கொடியேற்றத்துக்குப் பதினெட்டு நாள்களே இருந்தன. குழுவினர் தயங்கினார்கள், நன்றாக இருக்கும் கொம்பை ஏன் கழற்ற வேண்டும் என்று கேட்டார்கள். அம்மையார் மட்டும், "இரண்டையும் மாற்றுங்கள்" என்றார். தலைமையாசிரியர் வீட்டில் நாற்பது ஆண்டு வாழ்ந்தவர். அரைகுறைக் கணக்கு அவருக்குப் பிடிக்காது.

வலக்கொம்பின் வடிவத்தைத் தடித்த அட்டையில் வரைந்து வெட்டிக்கொண்டு, முகத்தின் நீளத்தைத் தாளமாக வைத்து, பன்னிரண்டு அங்குலமாகப் பகுத்துக் குறித்துக்கொண்டு ஸ்தபதியார் ஊர் திரும்பினார். பட்டறையின் பரணில், வேறொரு வேலைக்கென இரண்டு ஆண்டுகளாக உலர வைத்த வாகைக் கிளைகள் இருந்தன. பச்சை மரத்தில் செய்திருந்தால் சித்திரை வெயிலில் பிளந்திருக்கும். கவட்டின் அருகே பிறைபோல் வளைந்த இரண்டு கிளைகளைத் தேர்ந்து, ஒன்றுக்கொன்று கண்ணாடி நிழல்போல் கொம்புகளைச் செதுக்கினார்.

இம்முறை லாரி தேவைப்படவில்லை. கொம்புகள் இரண்டையும் நனைத்து உலர்த்திய வெள்ளை வேட்டியில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு அவர் பேருந்தில் வந்தார். நடத்துநர் சுமைக்குச் சீட்டு எடுக்கச் சொன்னாராம். "இது ரிஷபத்தின் கொம்பு" என்றதும், அவர் தொட்டுக் கண்களில் ஒற்றிக்கொண்டு, அடுத்த இருக்கைக்குப் போய்விட்டார்.

பொருத்தும் வேலை இரண்டு நாள் பிடித்தது. கொம்பின் அடியில் கழுந்து. ரிஷபத்தின் தலையில் அதற்குரிய துளை. கழுந்தின் மேல் காவிப்பொடியைத் தடவித் துளையில் செருகி எடுத்தால், எங்கே உரசுகிறதோ அங்கே காவி அழிந்திருக்கும். அந்த இடத்தை மட்டும் உளியால் மெல்லச் சீவ வேண்டும். மறுபடி காவி, மறுபடி செருகல். அவசரப்பட்டு ஒரே வீச்சில் சீவினால் கழுந்து தளர்ந்துவிடும். பிறகு எத்தனை பசை ஊற்றினாலும் பயனில்லை. வாகனத்தின் அருகே ஒரு மனையைப் போட்டு அமர்ந்து, அம்மையார் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை முறை செருகி எடுத்தார் என்று எண்ணத் தொடங்கி, முப்பதுக்கு மேல் எண்ணிக்கை தவறிவிட்டது. முடிவில், குறுக்கே மூங்கில் ஆணி இறக்கி இறுக்கியபின், ஸ்தபதியார் இரு கொம்புகளையும் பற்றித் தம் உடலின் முழுப் பாரத்தையும் தொங்கவிட்டுக் காட்டினார். குருக்கள் அருகில் வந்து தாமும் ஒருமுறை பற்றி இழுத்துப் பார்த்துவிட்டே, "சரி" என்றார்.

கொடியேற்றத்துக்கு முந்தைய நாள் அதிகாலையில் புண்ணியாகவாசனம், ஹோமம் நிறைந்து, திரைக்குப் பின்னே ஸ்தபதியார் பொன்னூசியால் கண் திறந்தார். திரை விலகியதும் கன்றோடு பசுவும், கண்ணாடியும், நெற்குவியலும் காட்டப்பட்டன. அன்றே, கலை இறக்கிய பழைய ரிஷபத்தை முறைப்படி அக்கினிக்கு ஒப்புவித்தார்கள். கல்லாயின் நீருக்கும், மரமாயின் நெருப்புக்கும் கொடுப்பது மரபு. முறிந்த இடக்கொம்பையும், குறையின்றிக் கழற்றப்பட்ட வலக்கொம்பையும் அந்த நெருப்பிலேயே நெய்யோடு சேர்த்தார்கள். அம்மையார் நினைவுக்காக ஒரு துண்டைக் கேட்பார் என்று சிலர் எதிர்பார்த்தனர், அவர் கேட்கவில்லை.

ஐந்தாம் நாள் இரவு பதினொரு மணிக்குப் பெருமான் எழுந்தருளினார். சன்னிதித் தெரு முழுவதும் அம்மையாரின் பார்வை கொம்புகளை விட்டு அகலவில்லை. தோள்கள் அசையும்போதெல்லாம் அவர் கை நடுங்கியது. கீழவீதி திரும்பும் இடத்தில், ஓதுவார் இல்லாத குறையால், ஊர்ப் பிள்ளைகள் நால்வர் தேவாரம் தொடங்கினார்கள். தலைமையாசிரியரிடம் திண்ணையில் கற்றவர்கள். பண் சற்றுப் பிசகியது. அப்போதுதான் அவர் தலை நிமிர்ந்து சுவாமியின் திருமுகத்தைப் பார்த்தார்.

தைப்பூசத்துக்கு அண்டை ஊர்க் கோயிலார் தீர்த்தவாரிக்காக ரிஷபத்தை இரவல் கேட்டார்கள். கொடுப்பதா, மறுப்பதா என்று குழுவில் நெடிய விவாதம் நடந்தது. அம்மையாரிடம் கேட்டார்கள். "கொடுங்கள். ஆனால் அந்தத் தம்பியின் வண்டியில்தான் போக வேண்டும்" என்று அவர் சொன்னார். அந்த இளைஞர் முந்தைய நாள் மாலையே வந்து, வைக்கோலைத் தாமே பரப்பினார். கயிறுகள் எல்லாம் பீடத்தோடு நின்றன. தார்ப்பாய்க்கு மூங்கில் வளைத்துத் தனியே ஒரு கூண்டு கட்டியிருந்தார்; துணி எங்கும் ரிஷபத்தின்மேல் படவில்லை. "பாட்டி, முன்னால் ஏறி உட்காருங்கள். வேகத்தடை வந்தால் நீங்களே சொல்லுங்கள்" என்று அழைத்தார். எண்பதை நெருங்கிய அம்மையார், முக்காலி ஒன்றின் மேல் கால் வைத்து லாரியில் ஏறி அமர்ந்தார். பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவைக் கடக்க வண்டிக்கு ஒன்றரை மணி நேரமாயிற்று.